நான் கத்திய சாக்குருவி

இதை எழுத உட்காருவதும் எழுந்து போய்விடுவதுமாகவே பல வருஷங்களைக் கழித்துவிட்டேன். பேனாவை எடுத்தால் யாரோ வாசலில் வந்து நிற்பது போல இருக்கும். மூடி வைத்துவிடுவேன். இன்றைக்கு மூடப் போவதில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்து மனோன்மணியைக் கொன்றது குளவி இல்லை. நான்தான்!

கையால் அல்ல, விஷத்தால் அல்ல... வாயால். பிறகு, திறக்க வேண்டிய நேரத்தில் அதே வாயை மூடிக்கொண்டதால்.

நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினையுங்கள். மன்னிப்புக் கேட்டு நான் எழுதவில்லை. மன்னிக்க வேண்டியவள் மண்ணுக்குள் இருக்கிறாள்.

என் பெயர் சூசை. லுணுகலையில் இருந்து மேலே ஏறுகிற ரோட்டில், தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள். படிப்பு அதிகம் இல்லை. ஆனால் கோயில் காரியம் என்றால் முன்னால் நிற்பேன். எங்கள் சின்ன மாதா கோயிலுக்குச் சுவாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வது நான். அதனால் சைவக்காரர்களும் வேதக்காரர்களும் கலந்திருக்கும் எங்கள் லயத்தில் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாரியம்மன் கோயில் திருநீறும் வாங்குவார்கள், என்னைக் கூப்பிட்டு ஒரு செபமும் சொல்லச் சொல்வார்கள்.

தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவன் நான். பழைய தொரை பங்களாவை ஹோட்டலாக மாற்றிய பிறகு, குருவி பார்ப்பதற்கென்றே வெளிநாட்டு ஆட்கள் வந்து தங்கினார்கள். காடு தெரிந்த ஆள் வேண்டும் என்று மெனேஜர் கேட்டார். நான் போனேன்.

எனக்கு ஆண்டவர் தந்த காது அப்படி. எந்தச் சத்தத்தையும் திருப்பிச் செய்துவிடுவேன். செண்பகத்துக்கு ஒரு கூவல், பச்சைப் புறாவுக்கு ஒரு சீட்டி. நான் கூப்பிட்டால் குருவி பதில் சொல்லும், கிட்ட வரும். வந்தவர்கள் தூரக் கண்ணாடியை வைத்துப் பார்த்துச் சந்தோசப்படுவார்கள். அதுவரை அதில் ஒரு குற்றமும் இல்லை.

பெண்கள் தேயிலை பறிக்கிற கொழுந்து மலையைத் தாண்டித்தான் காட்டுக்குப் போக வேண்டும். அங்கே நின்று மனோன்மணி வம்பிழுப்பாள்.

“குருவித் தொரை வர்றாரு. எல்லாரும் வாய மூடுங்கடி, பறந்துரப் போவுது.”

பெண்கள் சிரிப்பார்கள். என்ன பேசினோம் என்று தெரியாமல் வெள்ளைக்காரர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

“காக்காயக் காட்டிட்டு மயிலுன்னு சொல்றீங்களாமே அண்ணே, உண்மையா?” என்பாள் மறுபடி.

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். ஆனால் பாருங்கள்... அவள் சொன்னதைத்தான் நான் பிறகு செய்தேன்!

உங்களுக்குச் சாக்குருவி தெரியுமா? சிங்களத்தில் உலமா என்பார்கள். ஒரு பெரிய ஆந்தைதான் அப்படிக் கத்துகிறது என்று சிலர் சொல்கிறார்கள். நான் கண்ணால் கண்டதில்லை. கண்டேன் என்று சொன்ன ஒருவரையும் நம்பியதில்லை. ஆனால் அதன் சத்தம்... ஒரு பெண்ணின் கழுத்தை நெரித்துப் பாதியில் விட்டால் எப்படி அலறுவாளோ, அப்படி இருக்கும்.

பொழுது சாய்கிற நேரம் அது கத்தினால் லயத்தில் எல்லா அடுப்பிலும் உப்பும் காய்ந்த மிளகாயும் விழும். விளக்கு வைக்கும்வரை யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் அந்தப் பெயரை அது எடுத்துக்கொள்ளும் என்று பயம். அடுத்தடுத்த நாள் கத்தினால், லயத்தில் படுத்திருக்கிற சீக்காளியின் கதை முடிந்தது என்று அர்த்தம்.

என் மனைவி ரீத்தாவும் அப்படித்தான். மாதா படத்துக்கு விளக்கேற்றுவதற்கு முன்னால் அடுப்புக்கு ஓடுவாள். நான் சிரிப்பேன். வேதக்காரர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்பேன். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

வருகிறவர்களுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். எங்கோ படித்துவிட்டு வந்திருப்பார்கள். காட்டோரம் இருக்கிற வழுக்குப் பாறையில் அவர்களை உட்கார வைத்துக் காத்திருப்பேன். ஒன்றும் கேட்காது. முகம் தொங்கிப்போய்த் திரும்புவார்கள். ஒருநாள் மெனேஜர் தன் போனில் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். எல்லாக் குருவியும் செய்கிறீரே, இது வராதா என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். அவர்மேல் நான் பழி போட மாட்டேன்.

தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற ஓடையில், மெஷின் இரைச்சலுக்குள் நின்று பழகினேன். இரண்டு கைகளையும் வாய்க்கு முன்னால் குவித்து, அடிவயிற்றில் இருந்து இழுத்து... வந்துவிட்டது! என் கை மயிர் எனக்கே நட்டுக்கொண்டது.

ஒரே ஒரு குறை. எனக்கு முன் பல் ஒன்று இல்லை. சத்தம் முடிகிற இடத்தில் அந்த ஓட்டையால் காற்று நழுவி, அழுகிறவள் விக்குவது போல ஒரு முறிவு விழும். எவ்வளவு முயன்றும் அது போகவில்லை. போனில் இருக்கிற குருவிக்கு அந்த விக்கல் இல்லையே என்று மெனேஜர் சிரித்தார். வருகிறவர்களுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

இந்த விக்கலை மறந்துவிடாதீர்கள். என்னை இன்றுவரை விடாமல் பிடித்திருப்பது அதுதான்.

பிறகு வந்தவர்களைப் பாறையில் உட்கார வைப்பேன். மூச்சு விடக்கூடாது, நான் உள்ளே போய்ப் பார்த்து வருகிறேன் என்பேன். மரங்களுக்குப் பின்னால் காட்டு ஓடைக்குள் இறங்கி நின்று கத்துவேன். திரும்பி வரும்போது அவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை ஒரு வயதான அம்மா என்னைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். ஆண்டவரே... எனக்கு அப்போது பெருமையாக இருந்தது!

பாறைக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு மேடு இருக்கிறது, சத்தம் லயத்துக்கு இறங்காது என்று நம்பினேன். பல மாதம் இறங்கவும் இல்லை. காற்று திசை மாறும் என்பதை மறந்துவிட்டேன். மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவன் மறக்கிற காரியமா அது?

அந்தக் காலத்தில்தான் கொழுந்து மலையில் குளவி கலைந்தது. மனோன்மணிக்குப் பக்கத்து நிரையில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் பயந்து அங்கேயே குந்திவிட்டாள். மனோன்மணி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அந்தப் பெண்ணை மூடி, அதன்மேல் தானும் கவிழ்ந்துகொண்டாள். அத்தனை கொட்டும் அவள் முதுகில்.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விஷம் சிறுநீரகத்தில் இறங்கிவிட்டது, மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்கிறோம் என்றார்கள். முதலில் பயந்தோம். பிறகு கஞ்சி குடிக்கிறாள், பேசுகிறாள் என்று கேள்விப்பட்டோம். இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்தால் தேறிவிடுவாள் என்று டாக்டர் சொன்னதாக அவள் புருஷன் ஆறுமுகம் பஸ்ஸில் இருந்து இறங்கி வந்து எல்லோரிடமும் சொன்னான். நானும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்காக ஒரு செபம் சேர்த்துச் சொன்னேன்.

அதே வாரம் பங்களா நிறைய ஆட்கள். ஒரு பொழுதில் கத்தினேன். அவர்களைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறியபோது காரல் மூக்கில் அடித்தது. மிளகாய் கருகும் நெடி! லயத்தில் இருந்து, ஒரு அடுப்பு அல்ல, எல்லா அடுப்பிலும் இருந்தும் எழுந்து மேட்டுக்கு வந்திருந்தது. வந்தவர்கள் தும்மினார்கள்.

தெரிந்துவிட்டது அல்லவா? அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும் அல்லவா? மறுநாளும் கத்தினேன்! முந்தின நாள் வராதவர்கள் கெஞ்சினார்கள். இன்னும் உள்ளே தள்ளிப் போய்க் கத்தினால் கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டது.

அடுத்த நாள் காலை, தண்ணீர் பிடிக்கிற பீலியில் ஆறுமுகம் என் பக்கத்தில் வந்து நின்றான். கண் இரண்டும் சிவந்திருந்தது.

“சூசண்ணே, நீங்க காடு தெரிஞ்சவரு. ரெண்டு நாளாக் கத்துதே. அது சாக்குருவிதானா?”

“சத்தம் அப்புடித்தான் இருக்கு,” என்றேன்.

பாருங்கள், எவ்வளவு பத்திரமான பேச்சு! அதில் ஒரு சொல் பொய் இல்லை.

அவன் தண்ணீரைக் கையில் ஏந்தி முகத்தைக் கழுவினான். “அப்ப அவளக் கொண்டாந்துர்றேன். ஆஸ்பத்திரில செத்துப்போயிட்டா பொணத்த வெட்டித்தான் குடுப்பாங்க. முழுசா, நம்ம வீட்டுல கண்ண மூடட்டும்.”

என் வாளி நிறைந்து வழிந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று பின்னேரமே அவளைக் கூட்டி வந்துவிட்டான். டாக்டர் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தாராம். தன் பொறுப்பு என்று சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தானாம். ரோட்டில் இருந்து லயத்துக்கு அவள் நடந்துதான் வந்தாள், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு. முகமும் காலும் வீங்கியிருந்தது. என் வாசலைத் தாண்டும்போது நின்றாள்.

“என்ன குருவித் தொரை, இன்னும் காக்காதான் காட்டுறீங்களா?”

அப்போதும் அவளால் சிரிக்க முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை.

அதன் பிறகு நான் கத்தவில்லை. இனிமேல் முடியாது, தொண்டை போய்விட்டது என்று மெனேஜரிடம் சொன்னேன். அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவள் வீக்கம் ஏறிக்கொண்டே வந்தது. ஆறுமுகம் அவளைத் திருப்பி அனுப்ப ஒத்துக்கொள்ளவில்லை. யார் சொன்னாலும், சாக்குருவி கத்திவிட்டதே என்ற ஒரே பதில்தான்.

ஒருநாள் மத்தியானம் ஆள் அனுப்பினாள். செபம் சொல்லக் கூப்பிடுகிறாள் என்று செபமாலையை எடுத்துக்கொண்டு போனேன். காம்பரா அறையில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது. அடுப்படியில் நின்ற மகளை வெளியே போகச் சொன்னாள். ஆறுமுகம் வெளிவாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் எனக்குள் விழுந்தது.

“அண்ணே, ஒன்னு கேக்குறேன். மறைக்காம சொல்லுங்க,” என்றாள். “நீங்க குருவிங்களோட பேசுறவரு. அது என்னயத்தான் கூப்புடுதா?”

நான் செபமாலை மணிகளை உருட்டிக்கொண்டிருந்தேன்.

“இன்னம் கொஞ்ச நாள் இருந்தா போதும்னுதான் டாக்டரு சொன்னாரு. எனக்கும் சாவணும்னு தோணல. அது சும்மா ஒரு குருவிதான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா, நான் இப்பவே லொறியில ஏறிப் போயிருவேன். இவருகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க சொன்னா இவரும் கேப்பாரு.”

கொழுந்து லொறி தொழிற்சாலையில் நின்றது. எனக்குத் தெரியும். பொழுது சாய்வதற்குள் பதுளைக்குப் போய்விடலாம். அதுவும் தெரியும். குருவி என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. அது நான்தான் தங்கச்சி... இந்த வாய்தான்... அவ்வளவுதான் சொல்ல வேண்டும்!

என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்களா? ஆறுமுகத்தின் கையில் இருந்த கோடரியை நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் செபம் சொல்ல எழுந்து நின்றால் யார் முழங்கால் போடுவார்கள் என்று நினைத்தேன். லயம் முழுதும் சிரிக்குமே என்று நினைத்தேன். அவளை... அவளை மட்டும் நினைக்கவில்லை.

“செபம் பண்றேன் தங்கச்சி,” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைச் சுவரில் சாய்த்து, “அப்ப சரி,” என்றாள்.

அவ்வளவுதான். அப்ப சரி. நான் முழங்காலில் நின்று செபமாலை சொல்லி முடித்தேன். என் வாயில் இருந்து மாதாவின் பெயர் எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாள் பின்னேரம் பங்களாவில் இருந்து ஒரு புருஷனும் மனைவியும் வந்தார்கள். சாக்குருவி எல்லாம் இப்போது கத்தாது, பாறையில் இருந்து காட்டைப் பார்க்கலாம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன். அவர்களோடு நானும் பாறையில் உட்கார்ந்தேன். இரண்டு கையும் என் மடியில் இருந்தன.

வெளிச்சம் மங்கியது. தவளைகூடச் சத்தம் போடவில்லை. மரத்தில் இலை ஆடவில்லை. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது.

அப்போது கேட்டது...

காட்டுக்குள் இருந்து அல்ல. எங்கள் முதுகுக்குப் பின்னால், கீழே, லயத்துப் பக்கம் இருந்து. ஒரே ஒரு தரம். நெரித்து விட்ட கழுத்தின் அலறல். அது நீண்டு, இறங்கி, முடிகிற இடத்தில் முறிந்தது. அழுகிறவள் விக்குவது போல!

அது என் குரல். உங்கள் குரலை உங்களுக்குத் தெரியாதா? ஓட்டைப் பல்லால் காற்று நழுவுகிற அந்த இடம்கூட அப்படியே இருந்தது.

அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் முகம் முழுதும் சந்தோசம். நான் என் வாயைத் தொட்டுப் பார்த்தேன். மூடியிருந்தது. அதற்கு அவள்தான் சாட்சி, எங்கே இருக்கிறாளோ!

அவர்களை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். மேட்டில் இருந்து இறங்கும்போதே மிளகாய் நெடி. லயம் முழுதும் வாசலில் நின்றது. ஒருவரும் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆறுமுகம் படியில் உட்கார்ந்திருந்தான்.

“கேட்டுச்சா?” என்றான். “கூரை மேலதான் கத்துச்சு. அதோட போயிட்டா.”

வீட்டுக்கு வந்தபோது ரீத்தா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “இன்னைக்கு அது அழுது முடிச்ச மாதிரி இருந்துச்சுங்க. கடைசில விக்குச்சு.”

நான் கனவு காணவில்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

தப்பு மேளம் முழங்க அவளைக் கொண்டுபோனோம். பாடையின் ஒரு பக்கத்தை நான்தான் தூக்கினேன். குளவியில் இருந்து அவள் காப்பாற்றிய அந்தப் பெண் மண்ணில் விழுந்து அழுதாள். அவளுக்காக மனோன்மணி முதுகைக் கொடுத்தாள். மனோன்மணிக்காக நான் ஒரு வார்த்தை கொடுக்கவில்லை.

என்னைக் கேளுங்கள், நான் என்ன நம்புகிறேன் என்று. அந்தக் காட்டில் உண்மையாகவே ஒன்று இருந்ததா? நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அது என் குரலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டதா? இல்லை, அது வெறும் குருவியா? வெறும் குருவி என்றால், ஒரு பொய்யை நம்பி அவள் செத்தாள். குருவி இல்லை என்றால், நான் அழைத்து வந்து அவள் கூரையில் உட்கார வைத்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே நான்தான் நிற்கிறேன்.

பதுளைக்குப் போய் முன் பல் கட்டிக்கொண்டேன். இந்த வயதில் எதற்கு அழகு என்று ரீத்தா கேட்டாள். அந்தச் சத்தம் இனிமேல் என் வாயில் இருந்து வரக்கூடாது என்று எப்படிச் சொல்வது? காட்டு வேலையையும் விட்டுவிட்டேன். பல் வந்தபிறகும் சில பொழுதுகளில் அது கத்துகிறது. விக்கலோடுதான் கத்துகிறது.

பாவசங்கீர்த்தனத்துக்கு மாதா மாதம் போகிறேன். கோபப்பட்டதை, குடித்ததைச் சொல்கிறேன். வேறு ஏதாவது உண்டா மகனே என்று சுவாமியார் கேட்பார். இல்லை சுவாமி என்பேன். அந்த ‘இல்லை’யோடுதான் போய் நற்கருணை வாங்குகிறேன்.

ஆறுமுகத்திடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பலமுறை போனேன். ஒருமுறை வாய் திறக்கப் போகும்போது அவன் முந்திக்கொண்டான்.

“அந்தக் குருவி மட்டும் சொல்லலன்னா, அவ ஆஸ்பத்திரில யாரும் இல்லாமக் கெடந்து போயிருப்பா அண்ணே. அதுக்கு நான் கும்புட்டுத்தான் ஆகணும்.”

அவனிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால், தேறிக்கொண்டிருந்த மனைவியைத் தன் தோளில் தாங்கிக் கொண்டுவந்து சாகவிட்டவன் ஆகிவிடுவான். அவனுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன்... என்று சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையா? இல்லை, கோடரிக்குப் பயந்த அதே ஆள் இப்போது இரக்கம் என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டிருக்கிறானா? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லத்தான் செய்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் கூரையில் கத்திய கதையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பேய்க்கதை ஆக்கிவிடாதீர்கள். எனக்காக எதையும் மெதுவாக்க வேண்டாம், எதையும் கூட்டவும் வேண்டாம். அவள் கேட்டதை அவள் கேட்டபடி, நான் சொன்னதை நான் சொன்னபடி, இருக்கிறது இருக்கிறபடி கொடுங்கள். கை மாறி மாறி ஒருநாள் இது எங்கள் லயத்துக்கே வந்து, யாராவது ஆறுமுகத்துக்கு வாசித்துக் காட்டினால், அப்போதும் ஒரு சொல் மாறியிருக்கக் கூடாது.

இதை எழுதி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ரீத்தா வாசலில் இருந்து என்னைக் கூப்பிட வாயெடுத்தவள், பெயரைச் சொல்லாமல் பாதியில் நிறுத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடுகிறாள். மிளகாய் கருகுகிறது.

என் இரண்டு கைகளும் மேசைமேல்தான் இருக்கின்றன.